எறிவதற்கு முன் முப்பது நாள் கொடுங்கள்: மண் ஆய்வு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

நிலத்தடி மண் ஆய்வுகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் காலாங் வட்டாரத்தில் நிலத்தைத் துளைத்து நாங்கள் எடுத்த கோர் பாக்ஸ்கள் (உருளை வடிவ மண் மாதிரிகளை அடுக்கி வைத்த பெட்டிகள்) சென்ற மாதம் குப்பைக்குப் போன விவரம் உங்களுக்குத் தெரிந்ததுதான்; ஒப்புதல் கையெழுத்தே உங்கள் பக்கத்திலிருந்து வந்தது. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது, அறிக்கையும் ஏற்கப்பட்டுவிட்டது, கொட்டகையில் இடம் தேவைப்பட்டது. விதிப்படி எல்லாம் சரி. கொஞ்சம் பொறுங்கள், பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்து பார்க்கக் கேட்டிருக்கிறார் என்று நான் மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். அதற்குப் பதில் வருமுன் லாரி வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.

எல்லாப் பெட்டிகளைப் பற்றியும் பேசவில்லை. ஒன்றே ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

அதன் மேற்பகுதியில் நீலச் சாம்பல் நிறக் களிமண், விரல் வைத்தால் பள்ளம் விழும் அளவுக்கு மென்மை. அதற்குள் சீஹம் சிப்பிகள், லக்சா நூடுல்ஸில் போட்டுச் சாப்பிடுகிறோமே, அதே வகை. இரண்டு ஓடும் பிரியாமல் மூடியபடியே இருந்தன. அலை புரட்டிக்கொண்டு வந்த சிப்பி என்றால் ஓடுகள் பிரிந்து, தேய்ந்து, நொறுங்கிக் கிடக்கும். இவை அங்கேயே வாழ்ந்து அங்கேயே புதைந்தவை. சீஹம் வாழ்வது கடல்நீர் ஏறி வற்றும் சேற்றில். ஆக, இன்று பேருந்து ஓடும் சாலைக்கு அடியில் ஒரு காலத்தில் கடலோரச் சேறு இருந்தது. ஒரு ஓட்டில் மட்டும் ஓரம் சரிவாக இழைத்த வட்டத் துளை ஒன்று. நிலா நத்தை ஓட்டைத் துளைத்து உள்ளிருந்த சதையைத் தின்ற அடையாளம் அது.

இன்னும் கீழே போனால் நிறம் மாறுகிறது. சிவப்பும் மஞ்சளுமாக இறுகிய களிமண். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. ஜாவாவும் போர்னியோவும் நம்மோடு ஒரே நிலமாக இருந்தன. அப்போது வெயிலில் காய்ந்து துருவேறிய பழைய கடல் தரைதான் அந்தச் சிவப்பு. அதன் மேல்முகத்தில் விரல் தடிமனில் துளைகள். துளைகளுக்குள் மேலே இருந்த அதே சாம்பல் சேறும் சிப்பித் தூளும். கடல் திரும்பி வந்தபோது நண்டோ இறாலோ அந்த இறுகிய தரையைக் குடைந்து குடியேறியிருக்க வேண்டும். வேர் போன தடமாக இருந்தால் கீழே போகப்போக மெலியும். இவை கடைசி வரை ஒரே அகலம். சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் இன்றும் சேற்றைக் குடைந்து மேடு கட்டும் உயிர்களின் வளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம். ஒப்பிடப் பெட்டி வேண்டுமே!

சிப்பி இடம் மாறும். வளை, தோண்டிய இடத்தைவிட்டு நகராது. அடால்ஃப் சைலாக்கர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1960களில் இந்தச் சுவடுகளை வைத்தே பழைய கடல்களை வகைப்படுத்தினார். அலை அடிக்கும் மணலில் செங்குத்தான வளைகள், ஆழ்கடல் தரையில் இரை தேடி நெளிந்து நெளிந்து மேய்ந்த தடங்கள் என்று. ஆழம் மட்டுமல்ல, தரை எவ்வளவு இறுகியிருந்தது, நீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தது என்பதையும் சுவடு காட்டும்.

இத்தனையும் எங்கள் போர் லாக்கில், அதாவது துளையில் கண்ட மண் அடுக்குகளைக் குறிக்கும் பதிவேட்டில், எப்படிப் பதிவானது தெரியுமா? 'நீலச் சாம்பல் மென் களிமண், சிப்பித் துண்டுகளுடன்.' அவ்வளவுதான். வளைகளைக் குறிக்க அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. கட்டடம் இறங்காமல் இருப்பதற்காக எழுதும் லாக் அது, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் பெட்டி போனபின் மிஞ்சுவது அந்த ஒற்றை வரிதான்.

எங்கள் டிரில்லர்களில் ஒருவர் அரியலூர்ப் பக்கத்துக்காரர். அங்கே சிமென்ட் சுரங்கங்களில் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலக் கடலின் சிப்பிப் படுகைகள் இருக்கின்றன. வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. லாரியில் பெட்டி ஏறியதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ஏண்ணே, எங்க ஊர்ல இதைக் கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க, இங்க தூக்கிப் போடுறீங்களே?" நான் என்ன சொல்ல?

நான் கேட்பது ஒன்றுதான். சிப்பியோ வளையோ உள்ள அடுக்குகள் இருக்கும் பெட்டிகளை எறிவதற்கு முன், பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் முப்பது நாள் அறிவிப்பு கொடுங்கள். கேட்பவர் வந்து எடுத்துப் போகட்டும். யாரும் கேட்கவில்லை என்றால் எறிந்துவிடுங்கள்.

கோர் பேசும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டட, கட்டுமான ஆணையம் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகத்தோடு சேர்ந்து இந்தத் தீவின் பாறை வரலாற்றைப் புதிதாக எழுதியதே ஆழ்துளைக் கோர்களை வைத்துத்தான். கடல் மட்டம் 2100க்குள் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்கிறது 2024இல் வந்த பருவநிலை ஆய்வு. கரையோரப் பாதுகாப்புக்கு நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ ஆகலாம் என்று பிரதமர் 2019 தேசிய தினப் பேரணி உரையிலேயே சொல்லிவிட்டார். சென்ற முறை கடல் ஏறியபோது இங்கே என்ன நடந்தது, எவ்வளவு வேகத்தில் நடந்தது என்பதற்கான சாட்சி அந்தச் சாம்பல் களிமண். அதன் சிப்பிகளுக்குக் கதிர்க்கரிம முறையில் வயது காணலாம். அதைத்தான் லாரி ஏற்றி அனுப்புகிறோம். வயோமிங்கிலிருந்து டைனோசர் எலும்புகளை வரவழைக்க நமக்கு மனமும் பணமும் இருந்தன. நல்ல காரியம், என் பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தார்கள். உள்ளூர்ச் சிப்பிக்கு விமானச் செலவுகூட இல்லை. ஒருவேளை அதுதான் குறையோ என்னவோ!

மன்னிக்கவும், கோபம் கொஞ்சம் முந்திக்கொண்டது. உங்கள் சிரமங்களும் எனக்குத் தெரியும். திட்டத் தகவல்களில் சில ரகசியம்; மாசுபட்ட மண்ணை யாரிடமும் கொடுக்க முடியாது. அப்படிப்பட்ட பெட்டிகளை விட்டுவிடலாம். இடத்தின் பெயரை மறைத்துவிட்டு ஆழத்தை மட்டும் எழுதிக் கொடுத்தாலும் ஆசிரியருக்குப் போதும். டெண்டர் ஆவணத்தில் ஒரு பத்தி சேர்த்தால் வேலை முடிந்தது. அந்தப் பத்தியை எழுதித் தரவும் தயாராக இருக்கிறேன்.

அதே வேலையின் இன்னொரு தொகுதிப் பெட்டிகள் இன்னும் கொட்டகையில்தான் இருக்கின்றன. அவற்றுக்கான கெடு அடுத்த மாதக் கடைசி. விதி மாறும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தத் தொகுதிக்கு மட்டுமாவது முப்பது நாள் அவகாசம் கொடுத்து, என் மின்னஞ்சலுக்கு ஒரு வரி பதில் போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மண் ஆய்வு மேற்பார்வையாளர்
சிங்கப்பூர்