தரவையில் மரம் நடுவது பற்றி

அன்பின் நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நெதர்லாந்தின் பிரீஸ்லாந்து விவசாயிகள், புல்லுக்குள் கூடு வைக்கும் கருவால் மூக்கன் பறவை குஞ்சு பொரித்து முடியட்டும் என்று யூன் நடுப்பகுதிவரை புல் வெட்டாமல் பொறுக்கிறார்கள், அதற்கு ஈட்டுத்தொகையும் கிடைக்கிறது என்று எழுதியிருந்தாய். வாசிக்க ஆசையாக இருந்தது.

இங்கே புல் வெட்டுவது பிரச்சினையே இல்லை. யாழ்ப்பாணத்து வல்லை வெளியிலும் மற்றத் தரவைகளிலும், அதாவது மரமில்லாத மேய்ச்சல் வெளிகளிலும், மாடுகளே மேய்ந்து புல்லைக் கட்டையாக வைத்திருக்கின்றன. தரையில் முட்டையிடும் ஆட்காட்டிப் பறவைக்கு அதுதான் வேண்டும். நாய் வருவதைத் தூரத்திலேயே கண்டு கத்தலாம். ஆகவே மாட்டை அடியோடு தடுக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முட்டையிடும் மாதங்களில் பட்டியைக் கூடுள்ள பக்கம் அடைக்காமல் விட்டாலே போதும்.

எனக்குப் பெரிய கவலை மரநடுகைதான். நல்ல மனதோடுதான் நடுகிறார்கள். ஆனால் தரவையைச் சும்மா கிடக்கிற நிலம் என்று நினைக்கிறார்கள். வெறும் தரையில் முட்டையிடும் பறவைக்கு நிழல் தேவையில்லை. வெயில் ஏறினால் ஆட்காட்டி வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைமேல் இருக்கும். அதே இடத்தில் நாலு மரம் வளர்ந்தால் காகம் உச்சியில் குந்தியிருந்து எந்தக் கூட்டையும் பார்த்துவிடும். உப்புக்கொத்தியின் நிலை இன்னும் மோசம்; மணலில் சின்னக் குழி, அதில் இரண்டு மூன்று முட்டை, அவ்வளவுதான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இந்தச் சிறு பறவையை 2023இல்தான் ஆய்வாளர்கள் அனுமன் உப்புக்கொத்தி என்று தனி இனமாக ஏற்றார்கள். அதற்குள் அதன் இடத்தை நாம் எடுத்துவிடக் கூடாது.

குட்டைகளும் அப்படித்தான். வற்றிக்கொண்டு போகும் தண்ணீர் ஓரத்தில்தான் நெடுங்கால் உள்ளான் கூடு வைக்கும். பொரித்த குஞ்சுகள் சில மணித்தியாலத்தில் தாமாகவே இரை தேடி நடக்கும், அதற்கு ஈரச் சேறு கிட்ட இருக்கவேண்டும். மண் கொட்டி நிரப்பினால் எல்லாம் போச்சு.

எங்கள் பக்கத்து இளைஞர்களோடு பேசினேன். கன்றுகளை வீதியோரத்திலும் வளவுகளிலும் நடச் சம்மதித்தார்கள். அப்புறம், கூடுள்ள இடத்தால் உழவு இயந்திரம் போகாமல் எப்படி அடையாளம் வைப்பது என்று கேட்டார்கள். உங்கள் ஊரில் கூட்டருகே மூங்கில் தடி நடுவார்கள் என்று கேள்வி. இங்கே தடி கண்டால் காகம் வந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. எவ்வளவு தள்ளி நடுகிறார்கள், எவ்வளவு உயரம் என்று விசாரித்து எழுது. பங்குனிக்கு முன்பு தெரிந்தால் நல்லது.

அன்புடன்,
உன் நண்பன்