பூனையின் பங்கை முதலில் எடுத்து வையுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

காலபோக நெல் வீட்டுக்கு வந்து சேரும் மாசி, பங்குனி மாதங்களில் நீங்கள் எங்கள் கடையில் தவறாமல் விசாரிக்கும் ஒன்று உண்டு: எங்கேயாவது பூனைக்குட்டி கிடைக்குமா? மூட்டைகளை எலி கடிக்கத் தொடங்கினால் வேறு வழி இல்லை. புதுக்குடியிருப்பிலும் சுற்றுவட்டாரத்திலும் எங்கள் தீவனக் கடை வழியாக வீடு மாறிய குட்டிகள் பல. அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறோம்.

இம்முறை அப்படிக் கொடுத்த குட்டிகளில் ஒன்று இறந்துவிட்டது. அந்த வீட்டு அம்மா அதைப் பட்டினி போட்டவர் அல்லர். தாங்கள் உண்ட மீன்குழம்பையும் சோற்றையும் பிசைந்து நாள்தோறும் ஊட்டியவர். குட்டி சோர்ந்து படுத்தது, ஈறு வெள்ளைத்துணிபோல வெளிறியது, சிறுநீர் தேயிலைச் சாயம்போலக் கறுத்தது. கால்நடை வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி, “வெங்காயம் போட்ட கறி கொடுத்தீர்களா?” என்பதுதான். குட்டியைக் கையில் கொடுத்த நாளில் நாங்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எங்கள் பிழை.

சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், உள்ளி (வெள்ளைப்பூண்டு), லீக்ஸ், வெங்காயத்தாள் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பூனையின் சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கின்றன. நமக்கு ஒன்றும் செய்யாத அளவே பூனைக்கு இரத்தச்சோகையைக் கொண்டுவரும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் போதும். மூன்று கிலோ எடையுள்ள பூனைக்கு அது 15 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். உள்ளி இதைவிடக் கடுமையானது. வதக்கினாலும் கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது, குழம்பில் இறங்கிவிடும். ஆகவே வெங்காயத்தைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீனை மட்டும் கொடுப்பதால் பயன் இல்லை. உண்ட அன்றே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்தே சோர்வு தெரியும். அதனால்தான் யாரும் குழம்பைச் சந்தேகிப்பதில்லை. சொதி, கொத்துரொட்டி, கட்லற், நூடில்ஸ் பைக்கற்றோடு வரும் மசாலாத்தூள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

செய்ய வேண்டியது சிறிய காரியம். மீன் வெட்டிக் கழுவியதும், சட்டியில் வெங்காயம் விழுவதற்கு முன், பூனையின் பங்கை வேறாக எடுத்து வையுங்கள். உப்பு, தூள், புளி எதுவும் போடாமல் தண்ணீரில் அவித்து, முள் நீக்கி, ஆறியபின் கொடுங்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வரும் சூடையானாலும் குளத்துத் திலாப்பியாவானாலும் இதே முறைதான். அவித்த தண்ணீரையும் கொட்டாதீர்கள். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாத டோரின் என்ற சத்து அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும். பூனையின் உடலால் இதைப் போதிய அளவில் உண்டாக்க முடியாது. மீனிலும் இறைச்சியிலும் இருந்துதான் பெற வேண்டும். கோழி இதயத்தில் இது நிறைய உண்டு. இறைச்சிக்கடையில் மலிவாகக் கிடைத்தால் வாங்கி அவித்துக் கொடுங்கள். நாய்த்தீவனத்தில் பூனைக்குப் போதிய டோரின் இராது. வீட்டில் நாயும் பூனையும் இருந்தால் ஒரே பையை இருவருக்கும் வாங்க வேண்டாம். எங்களுக்கு விற்பனை என்பதற்காக அதை நாங்கள் கட்டித் தரவும் மாட்டோம்.

மீன் நல்லது, ஆனால் பச்சையாக வேண்டாம். சில பச்சை மீன்களில் உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கும் நொதி உண்டு. தொடர்ந்து தின்றால் பூனை தள்ளாடும், தலை தொங்கும், வலிப்பும் வரும். அவித்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். நாள் முழுவதும் மீன் மட்டுமே என்றும் இருக்கக்கூடாது. இடையில் தோல் நீக்கிய கோழி, அவித்த முட்டை கொடுங்கள். ஈரல் வாரத்தில் ஒரு சிறு துண்டு போதும். மாதக்கணக்கில் ஈரலே தின்ற பூனைக்கு உயிர்ச்சத்து ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒட்டிக்கொள்ளும். அவித்த கோழி எலும்பு ஊசிபோலப் பிளந்து குடலைக் குத்தும். கருவாட்டில் உப்பு மிக அதிகம். சோறு கொஞ்சம் சேரலாம், அதையே உணவாக்க வேண்டாம்.

பால் பற்றிப் பலர் மனம் வருந்துவீர்கள். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, வயிற்றோட்டம் வரும். பால்மாவும் அப்படியே. தாயில்லாக் குட்டிக்குப் பசுப்பால் ஏற்றதல்ல. அதற்கென்று உள்ள குட்டிப்பால்மாவைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். தாகத்துக்குத் தண்ணீரே போதும்.

சொக்லேட், கோப்பி, தேயிலைச்சக்கை, கள்ளு இவற்றை எட்டாமல் வையுங்கள். பொங்கலுக்குப் போடும் பிளம்ஸும் (உலர்ந்த திராட்சை) வேண்டாம். நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுப்பது அது. பூனையிடம் வைத்துப் பார்க்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

உணவு அல்லாத ஒன்றையும் சொல்லியே ஆகவேண்டும். காய்ச்சல் என்று நினைத்துப் பூனைக்குப் பனடோல் கொடுக்காதீர்கள். அரைக்குளிசையும் வேண்டாம், கால்குளிசையும் வேண்டாம். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் குளிசை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். முகம் வீங்கி, ஈறு மண்ணிறமாகி, மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். உப்புத்தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள்.

இனி மரக்கறி நாள்கள். வெள்ளிக்கிழமை நம் வீடுகளில் மச்சம் இல்லை, அன்று பூனைக்குச் சொதியும் பருப்பும்தான் விழும். சொதியில் வெங்காயம் இருக்கிறது. கந்தசஷ்டி ஆறு நாள், நவராத்திரி ஒன்பது நாள் என்று நீளும்போது பூனை மெலிந்துவிடும். விரதம் நமக்குரியது, பூனைக்கு இறைச்சிச் சத்து அன்றும் வேண்டும். வீட்டில் மீன் அவிக்க விரும்பாதவர்களுக்காகப் பூனைத்தீவனத்தைச் சில்லறையாகப் பிரித்து வைத்திருக்கிறோம். முழுப்பை வாங்க வேண்டியதில்லை, 100 கிராமும் நிறுத்துத் தருவோம். பூனையின் வயதையும் ஏறத்தாழ எடையையும் சொன்னால், எத்தனை நாளுக்கு எவ்வளவு என்று பையிலேயே எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தீவனக் கடையினர்,
புதுக்குடியிருப்பு