ராயபுரம் வீட்டுக்குச் சாமான் லிஃப்ட்

அன்புள்ள நண்பா,

நலம்தானே? அம்மா இரண்டாம் மாடிக்குப் போன பிறகு, சாப்பாட்டுக் கேரியரையும் தண்ணீர் கேனையும் அந்தச் செங்குத்துப் படியில் தூக்குவது கஷ்டம்தான். சாமான் லிஃப்ட் போடு. ஆனால் விற்க வருகிறவர்கள் மோட்டாரைப் பற்றித்தான் பேசுவார்கள். நீ ரோப்பையும் கதவையும் பற்றிக் கேள்.

மோட்டார் கணக்கு சுலபம். சாமான் 100 கிலோ, கூண்டு 30 கிலோ, வேகம் நொடிக்குக் கால் மீட்டர். கியரில் போகும் இழப்பைச் சேர்த்தாலும் 1 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் தாராளம். 20 அடி உயரம் 25 நொடியில் ஏறிவிடும். கரன்ட் போனதும் ஸ்பிரிங் தானே அழுத்திப் பிடிக்கிற பிரேக் அதில் இருக்க வேண்டும். வோர்ம் கியரே (திருகு மாதிரிச் சுழன்று பல்சக்கரத்தைத் தள்ளும் கியர்) பிடித்துக்கொள்ளும், பிரேக் எதற்கு என்பார்கள். ஒத்துக்கொள்ளாதே. கியர் தேய்ந்தால் கூண்டு தானாக இறங்கும்.

பெரிய ஆபத்து கூண்டு இறங்கும்போதுதான். ரெயில் இணைப்பில் சின்னப் பிசிறு போதும், அல்லது கரண்டிக் காம்பு ஒன்று வெளியே நீட்டியிருந்தாலும் போதும், கூண்டு சிக்கி நின்றுவிடும். ரோப்பைச் சுற்றி விடுகிற டிரம் நிற்காது. ரோப் வளையம் வளையமாகத் தளர்ந்து கூண்டின் தலையில் குவியும். சிக்கல் விடுபடுகிற நொடியில், தளர்ந்த நீளம் அத்தனைக்கும் கூண்டு விழும். அந்தத் திடீர் இழுப்பில் ரோப்பே அறும். ரோப் தொய்ந்த உடனே மோட்டாரை நிறுத்துகிற ஸ்லாக் ரோப் ஸ்விட்ச் இதற்காகத்தான். எதை விட்டாலும் இதை விடாதே.

ரோப் 6 மி.மீ., இரண்டாகப் போடு. கூண்டு அடியில் நிற்கும்போதும் டிரம்மில் இரண்டு சுற்றாவது மிச்சம் இருக்கணும். முனையை மடித்துப் பூட்ட மூன்று கிளிப். கிளிப்பின் யு வளைவு சும்மா இருக்கும் முனைப் பக்கமும், சேணம், அதாவது ரோப் உட்காரும் அடித்துண்டு, சுமை தாங்கும் பக்கமும் வரணும். மாற்றிப் பூட்டினால் சுமை தாங்கும் ரோப் நசுங்கும்.

உன் வீடு சுண்ணாம்புச் சாந்துச் செங்கல் சுவர். சுவரில் துளையிட்டு இறுக்குகிற ஆங்கர் போல்ட் நாளடைவில் ஆடும். சுவரைத் துளைத்து மறுபக்கம் பிளேட் வைக்கலாம் என்றால் அது பக்கத்து வீட்டாருக்கும் பொதுச் சுவர். தரையிலிருந்தே நாலு கால் இரும்புச் சட்டம் நிறுத்தி, மோட்டாரை அதன் தலையில் வை. மெட்ராஸ் டெரஸ் தளத்தை (கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிய பழைய தளம்) தாங்கும் தேக்குக் கட்டையை எக்காரணம் கொண்டும் அறுக்காதே. முற்றத்தின் ஓரமாக ஏற்று. கடல் காற்றுக்கு வெறும் பெயின்ட் நிற்காது. சட்டத்தை ஹாட் டிப் கால்வனைஸ் செய், அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடு; கூண்டுக்கு 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல். சாதாரண 304 ரகம்கூட அங்கே பழுப்புக் கறை பிடிக்கும்.

கீழே பள்ளம் தோண்டாதே. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையை நினைத்துக்கொள். கூண்டு தரைக்கு இரண்டரை அடி மேலே நிற்கட்டும், குனியவும் வேண்டாம். கேஸ் சிலிண்டரை இதில் ஏற்றாதே. கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் அடியில் தேங்கும், ஸ்விட்ச் பொறி ஒன்று போதும்.

ஒவ்வொரு மாடியிலும் உள்ள லிஃப்ட் கதவுக்கும் இன்டர்லாக் பூட்டு வேண்டும். கூண்டு அங்கே இல்லாதபோது கதவு திறக்கக் கூடாது. கதவு திறந்திருந்தால் கூண்டு நகரக் கூடாது. பேரப்பிள்ளைகள் தலையை நீட்டிப் பார்க்கிற உயரம் அது.

வேலை முடிந்ததும் 20 லிட்டர் கேன் ஆறு ஏற்றிப் பார். ஏறத்தாழ 125 கிலோ, அதாவது சொன்ன எடைக்குக் கால் பங்கு கூடுதல். நடுவழியில் மெயினை அணை. கூண்டு வழுக்காமல் நிற்கணும்.

முற்றத்தின் அகலமும், மேல் மாடித் தரையிலிருந்து கூரைவரை உயரமும் அளந்து எழுது. சட்டத்தின் அளவுகளைப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்