கப்பல் குறிப்பேட்டில் தேதிக் குழப்பம்

ஐயா,

கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போன பாய்மரக் கப்பல்களின் கையெழுத்துக் குறிப்பேடுகள் பற்றிய கட்டுரை படித்தேன். ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. அந்நாளில் பல கப்பல்களில் நாள் நண்பகலில் பிறந்தது, அதுவும் நம் நள்ளிரவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பே. திங்கள் மாலை அடித்த புயல் செவ்வாய்க் கணக்கில் இருக்கும்.

அப்புறம், 1851இல் நியூயார்க்கிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்ன் முனையைச் சுற்றி 89 நாள் 21 மணி நேரத்தில் சான் பிரான்சிஸ்கோ சேர்ந்தது 'ஃபிளையிங் கிளவுட்' என்ற பாய்மரக் கப்பல். மற்றவர்களுக்கு ஐந்தாறு மாதம் பிடித்த வழி! கட்டுரையில் கேப்டனுக்குப் பாராட்டு, சரி. திசையும் தூரமும் கணித்தவர் அவர் மனைவி எலினார் கிரீசி. அவருக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

– வாசகர், திருநெல்வேலி