புகைச் சான்றிதழ் மட்டும் போதாது: சந்தித் தூசைப் பகுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பின் காற்று மாசைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பழி முழுவதையும் வாகனப் புகையின்மேல் போட்டுவிட்டு, புகைப் பரிசோதனையைக் கடுமையாக்கக் கேட்பது வழக்கமாகிவிட்டது. 2008 முதல் நடைபெற்றுவரும் அப்பரிசோதனை அவசியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆமர் வீதிச் சந்தியில் நிற்பவர் உள்ளிழுக்கும் தூசு புகைக்குழாயிலிருந்து மட்டும் வருவதன்று. பிரேக் பிடிக்கும்போது தேய்ந்து உதிரும் உலோகம், டயர்த் தேய்வு, சக்கரங்கள் திரும்பத் திரும்பக் கிளப்பும் வீதி மண், பழைய சோனகத் தெருப் பக்கம் ஏற்றி இறக்கும் சீமெந்து, துறைமுகக் கப்பல்களின் புகை, எங்கோ எரியும் குப்பை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. புகைப் பரிசோதனையில் சித்தியடைந்த லொறியும் பிரேக் பிடிக்கத்தானே செய்கிறது!

தூசு எவ்வளவு என்று காட்டும் மானி, அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. அதற்குக் காற்றை வடிதாளினூடாக உறிஞ்சி, படிந்த துணிக்கைகளிலுள்ள மூலகங்களை அளக்க வேண்டும். செப்பு, பேரியம், அந்திமனி ஆகியன சேர்ந்து உயர்ந்தால் பிரேக்கையும், நாகம் (துத்தநாகம்) உயர்ந்தால் டயரையும், கருங்காபன் எனும் கரித்துகள் உயர்ந்தால் பெரும்பாலும் டீசலையும், சிலிக்கனும் அலுமினியமும் உயர்ந்தால் மண்ணையும், வனேடியமும் நிக்கலும் உயர்ந்தால் கப்பல்கள் எரிக்கும் கன எண்ணெயையும் சந்தேகிக்கலாம். சோடியமும் குளோரினும் நமது கடற்காற்றின் உப்பு. அதற்கு எவரையும் குறைகூற முடியாது. ஒரே மூலகம் பல இடங்களிலிருந்து வரக்கூடுமாதலால் ஓரிரு மாதிரிகள் போதா. பல மாத மாதிரிகளில் எவை ஒன்றாக ஏறி இறங்குகின்றன என்று புள்ளிவிபர முறையில் பிரித்தறிய வேண்டும்.

பருவகாலத்தையும் மறக்கலாகாது. தென்மேல் பருவத்தில் கடற்காற்று நகரைக் கழுவுகிறது. வடகீழ்ப் பருவத்திலோ துணைக்கண்டத்தின் மாசும் வந்து சேர்கிறது. 2022 டிசம்பரில் பாடசாலைகளை மூடவேண்டி வந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே, சந்தியில் அளக்கும் அதே நாளில் வீதியிலிருந்து விலகிய ஓரிடத்திலும், விகாரமகாதேவிப் பூங்காவின் நடுவில் என்று வைத்துக்கொள்வோம், அளந்தால், இரண்டுக்குமுள்ள வித்தியாசமே சந்தியின் சொந்தப் பங்கு. இந்த எளிய கழித்தலைச் செய்யாமல் பொலிஸார் லொறிகளை மறித்து நிறுத்துவதில் பயன் எவ்வளவு என்பதை எவராலும் கூறமுடியாது.

2.5 மைக்கிரோமீற்றருக்கு மேற்படாத நுண்துணிக்கைகளுக்கு (PM2.5) 2008 இல் நாம் வகுத்துக்கொண்ட ஆண்டுச் சராசரி எல்லை கனமீற்றருக்கு 25 மைக்கிரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் பரிந்துரைத்ததோ 5. இந்த இடைவெளியை மின்சார வாகனங்கள் நிரப்பிவிடும் என்று நம்புவோர், அவற்றுக்கும் டயர் உண்டு என்பதையும், விடியற்காலையில் உலர்ந்த வீதியை விளக்குமாற்றால் கூட்டுவதே தூசைக் கிளப்புகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் ஆமர் வீதி, பொரளை, மருதானைச் சந்திகளிலேனும் இரு பருவங்களையும் உள்ளடக்கி ஓராண்டு இவ்வாய்வை நடத்தி, பெறுபேறுகளைச் சந்திவாரியாக மும்மொழிகளிலும் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.