அச்சகத்துக்கு அனுப்பும் தமிழ்க் கோப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு எங்கள் வட்டாரப் பொங்கல் விழாவுக்கு அச்சடித்த 300 கையேடுகளின் அட்டையில் ‘பொங்கல்’ என்ற சொல்லே உடைந்திருந்தது. பகரத்துக்கு இடப்பக்கம் நிற்க வேண்டிய கொம்பு வலப்பக்கம் தாவி, புள்ளிகளாலான ஒரு வட்டத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு காலுக்கு முன்னால் நின்றது. கடையைக் குறை சொல்ல வழியில்லை. நாங்கள் அனுப்பியது வேர்ட் கோப்பு. தமிழ் அறியாத வடிவமைப்பாளர் அதிலிருந்த எழுத்துகளை நகலெடுத்துத் தம் செயலியில் ஒட்டியிருந்தார்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீடாகிய யூனிகோடு முறையில் ‘பொ’ என்பது பகரமும் அதையடுத்து ஓர் ஒகரக் குறியுமாகத்தான் கணினியில் பதிவாகிறது. அந்தக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்து எழுத்தின் இருபுறமும் நிறுத்துவது செயலியின் வேலை. வேர்ட் இதைத் தானாகவே செய்துவிடும்; அச்சகங்களில் புழங்கும் சில வடிவமைப்புச் செயலிகளிலோ தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் நடக்கும். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து பழகியவர்களின் கோப்பு இன்னும் மோசமாகும்: அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழே தெரியாது, ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும்.

இதற்கெல்லாம் மருந்து நம் மேசைக் கணினியிலேயே இருக்கிறது. அடோபி நிறுவனம் 1993இல் அறிமுகப்படுத்தி, 2008இல் ஐஎஸ்ஓ என்னும் பன்னாட்டுத் தர அமைப்பின் தரநிலையான பிடிஎஃப் கோப்பில், பக்க அமைப்போடு எழுத்துருவையும் உள்ளே பொதிந்து அனுப்பலாம். வேர்டில் ‘சேவ் ஆஸ்’ சென்று பிடிஎஃப் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே கேட்கப்படும் இரு தரங்களில் ‘மினிமம் சைஸ்’ வேண்டாம், அச்சுக்கு உரிய ‘ஸ்டாண்டர்ட்’ போதும். வேறு செயலியானால், விண்டோஸ் 10 முதல் அச்சுப்பொறிகளின் பட்டியலிலேயே ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ இருக்கிறது. பிடிஎஃப் ஆக்குவதற்கு முன் தாளின் அளவு ஏ4 தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது; அமெரிக்க ‘லெட்டர்’ அளவில் இருந்தால், 297 மில்லிமீட்டர் உயரமுள்ள ஏ4 தாளுக்கு அது 18 மில்லிமீட்டர் குறையும்.

சேமித்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அக்ரோபாட் ரீடரில் அந்தக் கோப்பைத் திறந்து, கண்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்தி, ‘ஃபாண்ட்ஸ்’ பகுதியைப் பார்த்தால், ஒவ்வோர் எழுத்துருவின் பெயருக்கு அருகிலும் ‘எம்பெடட்’ அல்லது ‘எம்பெடட் சப்செட்’ என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த எழுத்துரு கோப்பில் பொதியப்படவில்லை; உரிமக் கட்டுப்பாட்டால் சில எழுத்துருக்கள் பொதிய இடம் தருவதில்லை, அவற்றை மாற்றிவிடுவதே எளிது. எனக்கு இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆவதில்லை. 300 அட்டைகளை மறுபடி அடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

பொது அறிவிப்புப் பலகையில் தமிழ் பிழைபட்டால் உடனே படம் பிடித்துப் பகிர்கிறோம், அது நியாயம்தான். ஆனால் நம் சங்கங்களின் பதாகைகளும் அழைப்பிதழ்களும் இதே கதிக்கு ஆளாகும்போது ‘கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். தமிழ் தெரியாதவரிடம் திருத்தக்கூடிய கோப்பைக் கொடுத்தது யார்?

ஆகவே, ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கும் பிற நிகழ்ச்சிகளுக்கும் அச்சு வேலை கொடுக்கும் அமைப்புகள், எழுத்துரு பொதிந்த பிடிஎஃப் கோப்பை மட்டுமே அச்சகத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். கடையில் வேர்ட் கோப்பைக் கேட்டாலும், திருத்தத்தை நாமே செய்து புதிய கோப்பு தருவதாகச் சொல்லிவிடலாம். அச்சடிக்கும் முன் கடை அனுப்பும் மாதிரிப் பக்கத்தைத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர், கைப்பேசியில் மேலோட்டமாகப் புரட்டாமல், பெரிய திரையில் வரிவரியாகப் பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
அங் மோ கியோ, சிங்கப்பூர்