ஒரே கூட்டில் இரண்டு முயல், இரண்டு பத்தியம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செல்லப் பிராணியாக முயல் வளர்க்கிறவர்கள் இப்போது ஒன்றை மட்டும் வாங்காமல் ஜோடியாக வாங்குகிறார்கள். நல்ல காரியம். துணையை நக்கிக் கொடுப்பதும் ஒட்டிப் படுத்துக் கிடப்பதும்தான் முயலின் இயல்பு. ஆனால் ஜோடி சேர்ந்த இரண்டும் ஒரே வயதாகவோ ஒரே உடல்வாகாகவோ இருப்பது அபூர்வம். ஒன்று ஆறு வயதுக் கிழடு, தடவினால் முதுகெலும்பு கையில் தட்டும். இன்னொன்று இரண்டு வயது, விலா எலும்பு எங்கே என்று அழுத்தித் தேடவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரே கிண்ணத்தில் தீவனத்தைக் கொட்டிவிட்டுப் போனால், வேகமாகத் தின்பது கொழுக்கும், மெதுவாகத் தின்பது காயும். இதைக் கண்டதும் பலர் இரண்டையும் தனித்தனிக் கூண்டில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சில நாள் கண்ணில் படாமல் பிரித்து வைத்தாலே ஜோடி ஒன்றையொன்று அந்நியமாகப் பார்த்துக் கடித்துக்கொள்ளும். மறுபடி சேர்த்துவைக்க வாரக்கணக்கில் ஆகும். பிரிக்கவேண்டியது அடர்தீவனத்தை மட்டும்தான், அதுவும் நாளுக்கு நாற்பது நிமிடம்.

முயலின் சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக இருக்கவேண்டும். கடைகளில் ‘ஹே’ என்று விற்கும் காய்ந்த புல், அல்லது வீட்டில் காயவைத்த கினியாப் புல், கொழுக்கட்டைப் புல், அருகம்புல். இது கிழட்டு முயலுக்கும் ஆகும், கொழுத்ததற்கும் ஆகும், சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து இறங்கும் முயலுக்கும் ஆகும். ஆகவே இது பொது உணவு, அளவே கிடையாது, இரவும் பகலும் தீராமல் கிடக்கட்டும். ஒரே இடத்தில் குவித்தால் வலியது மறித்துக்கொள்ளும். எதிரெதிர் மூலைகளில் இரண்டு குவியல் வையுங்கள், ஒவ்வொன்றும் முயலின் உடம்பு அளவுக்கு. புழுக்கை போடும் தட்டின் ஓரமாக வைத்தால் இன்னும் நல்லது; புழுக்கை போட்டுக்கொண்டே புல் மெல்லுவது முயலின் பழக்கம்.

புல்லை நாமே காயவைப்பதானால் பூ விடுவதற்கு முன் அறுத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் புரட்டிப் புரட்டி உலர்த்தவேண்டும். தண்டை மடக்கினால் ‘டப்’ என்று ஒடியவேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிளாஸ்டிக் பையில் அடைக்காமல் சணல் சாக்கில் போட்டுப் பலகைமேல் வையுங்கள். மக்கல் வாடை வந்தால் அந்தப் பகுதியை மட்டும் அல்ல, சாக்கு முழுவதையும் எறிந்துவிடுங்கள். வைக்கோல் கீழே விரிக்க உதவும். அதையே உணவாகப் போடுவது பட்டினிக்குச் சமம்.

இனி அடர்தீவனம், அதாவது தீவன மாவைச் சிறு குச்சிகளாக அழுத்திச் செய்த பெல்லட். வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 25 கிராம் பெல்லட் என்பது பொதுக் கணக்கு. 2.6 கிலோ எடையுள்ள பருத்த பெண் முயல் ஒன்று 2.2 கிலோவாக இறங்கவேண்டும் என்று வையுங்கள். கணக்கு 2.2 கிலோவுக்குத்தான் போடவேண்டும், 2.6-க்கு அல்ல. அதையும் இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து, கிலோவுக்கு 10 கிராம் வீதம் 22 கிராமில் நிறுத்தலாம். எக்காரணம் கொண்டும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கொழுத்த முயல் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ப் படிந்து உயிருக்கே ஆபத்தாகும். வாரத்துக்கு 25 முதல் 50 கிராம் எடை இறங்கினால் போதும், அதற்குமேல் இறங்கினால் புல் தின்கிறதா என்று பாருங்கள். அதன் ஜோடியான 1.8 கிலோ கிழட்டு முயலுக்கு 45 கிராம் முழுதும் போகட்டும்.

கொடுக்கும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு அங்குலக் கண்ணுள்ள வெல்டுமெஷ் கம்பிவலைச் சட்டம் ஒன்றை, இரண்டடி உயரத்துக்குமேல், கூட்டின் குறுக்கே நிறுத்துங்கள். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, தினமும் ஒரே நேரத்தில். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டும் மூக்கை நீட்டி முகர்ந்துகொண்டும் தின்னவேண்டும். பருத்ததற்குரிய 11 கிராமைக் கிண்ணத்தில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தீர்த்துவிட்டு வலையைப் பிறாண்டத் தொடங்கும். ஒவ்வொரு பெல்லட்டாகப் புல்லுக்குள் உதறிவிடுங்கள். தேடித் தின்ன கால்மணி நேரம் ஆகும், கூடவே புல்லும் உள்ளே போகும். கிழட்டு முயலுக்கு ஒரு பங்கு பெல்லட்டுக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் களிபோல் குழையும். பல் தேய்ந்தது அதை நக்கியே தின்றுவிடும். களிக் கிண்ணத்துக்கு எறும்பு வந்தால் முயல் வாயே வைக்காது, ஆகவே தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே கிண்ணத்தை வையுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் களியை விட்டுவைத்தால் புளிக்கும். தின்று முடித்ததும் முகவாயை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இருபதாவது நிமிடம் வலையை எடுத்துவிடுங்கள். ஜோடி உடனே சேர்ந்து ஒன்றையொன்று நக்கத் தொடங்கினால் எல்லாம் சரியாக நடந்தது என்று பொருள்.

ஒன்று பெரியது, மற்றது மிகச் சிறியது என்றால் வலைக்குப் பதில் சிறு வாசல் வைத்த பெட்டி போதும். சின்னது உள்ளே போய்த் தின்றுவிட்டு வரும். ஆனால் வாசல் அளவில் தவறு செய்யக் கூடாது. பெரியதன் தலையே நுழையாத அளவாக இருக்கவேண்டும். தலை நுழைந்து உடம்பு நுழையாத வாசல் கழுத்தை நெரித்துவிடும். மூட்டு வலியுள்ள கிழட்டுக்குப் பத்தியம், இளசுக்குக் கூடுதல் தீவனம் என்ற நிலை வந்தால் ஓரடி உயரத் திண்ணை ஒன்று போதும். இளசு தாவி ஏறித் தின்னும், கிழடு கீழே புல்லோடு நிற்கும்.

அடுத்தது சுண்ணாம்புச் சத்து. இதில்தான் நம் ஊரில் அதிகத் தவறு நடக்கிறது. மற்ற பிராணிகளின் குடல் தேவைக்குத் தக்கபடி சுண்ணாம்பை உறிஞ்சும். முயல் அப்படி அல்ல. தின்றதில் பெரும்பங்கை இரத்தத்தில் ஏற்றிக்கொண்டு, மிஞ்சியதைச் சிறுநீரகம் வழியாக வெளியே தள்ளும். அதனால் முயலின் சிறுநீர் கலங்கலாக இருப்பதும், காய்ந்த இடத்தில் லேசாக வெள்ளை படிவதும் சாதாரணம். பற்பசைபோல் கெட்டியாக வந்தாலோ, முக்கி முக்கிப் போனாலோ, பின்கால் ரோமம் நனைந்தே கிடந்தாலோ சாதாரணம் அல்ல. சிறுநீர்ப்பையில் சுண்ணாம்புச் சேறு படிகிறது, கல்லாகவும் மாறலாம்.

குதிரைமசால், வேலிமசால், முயல் மசால் மூன்றும் பயறுவகைத் தீவனங்கள். புரதமும் சுண்ணாம்பும் மிகுந்தவை. ஆறேழு மாதம் வரை வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இவை அருமையான தீவனம். பெயரிலேயே முயல் இருக்கிறது என்று வளர்ந்த முயலுக்கு முயல் மசாலை நாள் முழுதும் போடுவதுதான் தவறு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணைப்படி 100 கிராம் அகத்திக்கீரையில் 1130 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, கறிவேப்பிலையில் 830, முருங்கைக்கீரையில் 440, கொத்தமல்லித் தழையில் 184. சிறுநீரில் சேறு வரும் முயலுக்கு முதல் மூன்றையும் நிறுத்திவிட்டுக் கொத்தமல்லியும் லெட்யூஸும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். தழையைக் கழுவி உதறாமல் சொட்டச் சொட்டக் கொடுத்தால் நீரும் சேர்ந்து உள்ளே போகும். தண்ணீரை நக்கிக் குடிக்கும் குழாய்ப் புட்டியில் வைக்காமல் கனமான மண் சட்டியில் வையுங்கள், கூடுதலாகக் குடிக்கும். ஒன்று மட்டும்: சுண்ணாம்பை அடியோடு நிறுத்த முயலாதீர்கள், பல்லும் எலும்பும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஜோடியில் ஒன்று குட்டி, மற்றது வளர்ந்தது என்றால் குட்டிக்குரிய மசாலை வலை நிறுத்தும் அந்த இருபது நிமிடத்தில் கொடுங்கள், மீதியை எடுத்துவிடுங்கள்.

கேரட்டையும் பழத்தையும் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். கட்டைவிரல் நுனி அளவு, வாரம் இரண்டு முறை, இரண்டுக்கும் போதும். கேரட் தழையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

வாரம் ஒருமுறை எடை பார்ப்பது கட்டாயம். ஐந்து கிலோ வரை காட்டும் சமையலறைத் தராசு, மேலே ஒரு கூடை, காலைத் தீவனத்துக்கு முன். 2 கிலோ முயலுக்கு 100 கிராம் குறைவது, 60 கிலோ மனிதருக்கு 3 கிலோ குறைவதற்குச் சமம். கண்ணால் பார்த்தால் தெரியாது, ரோமம் மறைத்துவிடும்.

கிழடு முழுத் தீவனம் தின்றும் மெலிகிறது என்றால் பத்தியத்தில் குறை தேடவேண்டாம், பல்லைப் பாருங்கள். முயலின் 28 பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை நார்நாராக அரைத்தால்தான் கடைவாய்ப் பல் சமமாகத் தேயும். இல்லாவிட்டால் ஓரத்தில் முள்போல் கூர் கட்டி நாக்கையும் கன்னத்தையும் குத்தும். புல்லையும் கொத்தமல்லியையும் ஒரே நேரத்தில் நீட்டுங்கள். புல்லை எடுத்து மென்று பாதியில் கீழே போட்டுவிட்டுத் தழையை மட்டும் தின்றால், முகவாய் ஈரமாகவே இருந்தால், மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துக் கடைவாயைப் பார்த்துக் கூரைத் தேய்த்துவிடவேண்டும். முன்பல் நீண்டிருக்கிறதென்று நகவெட்டியால் நறுக்குவது கொடுமை. பல் நீளவாக்கில் பிளந்து வேரில் சீழ் பிடிக்கும்.

பருத்த முயலுக்கு வேறொரு தொல்லை உண்டு. முயல் கருநிறத்தில் பளபளப்பாக, சின்னத் திராட்சைக் கொத்துபோல் ஈரப் புழுக்கை போடும். அதைக் குனிந்து நேரடியாக வாயால் எடுத்துத் தின்றுவிடும். பி வைட்டமின்களும் புரதமும் அதில்தான். கொழுப்பு மிகுந்த முயலால் அந்த அளவு குனிய முடியாது. ஈரப் புழுக்கை பின்புறம் ஒட்டி அப்பிக்கொள்ள, ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைக்கும். மழைக்காலத்தில் காலையும் மாலையும் வாலடியைத் தூக்கிப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

ஜோடியாக வளர்ப்பதில் இன்னொரு சிக்கல், தட்டில் கிடக்கும் புழுக்கை யாருடையது என்று தெரியாதது. ஒன்று தின்பதை நிறுத்தியிருக்கும்; மற்றது போட்ட புழுக்கையைப் பார்த்து நாம் நிம்மதியாக இருப்போம். இதற்கு ஒரே வழி, வலை போட்டதும் இரண்டுக்கும் ஆளுக்கொரு தழையைக் கையால் நீட்டுவது. வாங்காத முயலுக்கு ஏதோ கோளாறு. 12 மணி நேரம் ஒன்றுமே தின்னாவிட்டால் அன்றே மருத்துவமனை, மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. வயிறு உப்பிக் கல்போல் இருந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. வீட்டில் மீந்த அமாக்ஸிசிலின் மாத்திரையைக் கரைத்து ஊற்றுவது கொலைக்குச் சமம். வாய்வழியாகப் போகும் பெனிசிலின் வகை மருந்துகள் முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிரிகளை அழித்து, நச்சுக் கிருமிகளைப் பெருகவிடும். மருத்துவமனைக்குப் போகும்போது ஒரே பெட்டியில் ஜோடியையும் எடுத்துப் போங்கள். மருந்து வாடையோடு ஒன்று மட்டும் திரும்பி வந்தால் மற்றது அதை ஏற்காமல் விரட்டக்கூடும்.

ஆண், பெண் இரண்டுக்கும் கருத்தடை செய்யாமல் எந்தப் பத்தியமும் நிற்காது. சினைக்காலம் 31 நாள்தான், குட்டி போட்ட அன்றே மறுபடி சினையாகும். கருத்தடைக்குப் பின் எடை சுலபமாக ஏறும் என்பதால் பெல்லட் அளவை அன்றிலிருந்தே கவனிக்கவேண்டும்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். கொடைக்கானல் மன்னவனூரிலும் நீலகிரி சாண்டிநல்லாவிலும் செம்மறி ஆட்டோடு முயலையும் ஆராயும் நிலையங்கள் இருக்கின்றன. அங்கிருந்து வரும் வழிகாட்டுதல்கள் பண்ணை முயலுக்கானவை. சில மாதத்தில் இறைச்சி எடைக்கு வரவேண்டிய குட்டிக்கு அவை சரி. வீட்டில் எட்டு, பத்து வருடம் வாழவேண்டிய முயலுக்கும் அதே பண்ணை பெல்லட்டைத்தான் கடைகளில் நிறுத்துக் கொடுக்கிறார்கள். தீவனம் தயாரிப்பவர்கள் மூட்டையின்மேல் நார்ச்சத்துக் குறைந்தபட்சம் எவ்வளவு, சுண்ணாம்புச் சத்து எவ்வளவு, எந்த வயதுக்கு என்று தமிழில் அச்சிடவேண்டும். வளர்ந்த செல்ல முயலுக்கு நார் 18 சதவீதத்துக்குக் குறையாமலும் புரதம் 14 சதவீதத்துக்கு மிகாமலும் இருப்பது நல்லது. தங்கள் நாளிதழிலும் இனி முயல் தீவன அட்டவணை வெளியிடும்போது, அது பண்ணைக் குட்டிக்கா, வளர்ந்த செல்ல முயலுக்கா என்று தலைப்பிலேயே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முயல் வளர்க்கும் வாசகர்கள் இருவர்,
கோயம்புத்தூர்.